கொங்கு மண்ணிலிருந்து சிற்றலை பிடிப்பது எப்படி: அயனி மண்டலம், அலைவரிசைக் கணக்கு, ஆண்டெனா – முழுமையான வழிகாட்டி

ஈரோட்டிலும் தாராபுரத்திலும் கொடைக்கானல் எஃப்எம் 100.5 தெளிவாகக் கேட்கிறது. அங்கேயே ஒரு தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) உட்கார்ந்து, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துச் சமிக்ஞையையும் சிற்றலையில் (ஷார்ட்வேவ்) கேட்கலாம். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. கொடைக்கானல் கேட்பது மலையின் உயரத்தால். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் வானொலி அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். 2,100 மீட்டருக்கு ஏறக்குறைய 190 கி.மீ. வரும். அதற்கப்பால் பூமி வளைந்துவிடுகிறது, எஃப்எம் அலை நேராக விண்வெளிக்குப் போய்விடுகிறது. பெர்த் இங்கிருந்து சுமார் 6,300 கி.மீ. அந்த அலை மேலே போய், வளைந்து, தரையில் பட்டு, மறுபடி மேலே போய் வருகிறது. அதை வளைத்துத் திருப்பி அனுப்புவது அயனி மண்டலம்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த ரேடியோ வாங்கலாம், எவ்வளவு பெரிய ஆண்டெனா போடலாம்?" என்றுதான். அது இரண்டாவது கேள்வி. எந்த நேரத்தில், எந்தத் தூரத்துக்கு, எந்த அலைவரிசை என்பதுதான் முதல் கேள்வி. அது சரியாக அமைந்தால் பத்து மீட்டர் கம்பியே போதும். தவறினால் ஒரு லட்ச ரூபாய் ரிசீவரிலும் வெறும் இரைச்சல்தான்.

மேலே நடப்பது என்ன

1901 டிசம்பர் 12 அன்று மார்க்கோனி இங்கிலாந்தின் போல்டூவிலிருந்து கிளம்பிய சமிக்ஞையை நியூஃபவுண்ட்லாந்தில் பிடித்ததாக அறிவித்தபோது, நேர்கோட்டில் போக வேண்டிய அலை அட்லாண்டிக்கை எப்படிச் சுற்றிவந்தது என்று யாருக்கும் புரியவில்லை. மேலே மின்கடத்தும் ஓர் அடுக்கு இருக்க வேண்டும் என்று 1902இல் கென்னலியும் ஹெவிசைடும் தனித்தனியாகச் சொன்னார்கள். 1924இல் இங்கிலாந்து இயற்பியலாளர் ஆப்பிள்டன் அதைச் சோதனை வழியாக நிறுவினார். 1947இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சூரியனின் புறஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் மேல்வளிமண்டல அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்துவிடுகின்றன. அந்த எலக்ட்ரான் கூட்டம் அடுக்கடுக்காக நிற்கிறது. 60 முதல் 90 கி.மீ. வரை டி அடுக்கு. 110 கி.மீ. சுற்றி இ அடுக்கு. அதற்கு மேல் எஃப் அடுக்கு. பகலில் அது எஃப்1, எஃப்2 என்று இரண்டாகப் பிரியும், இரவில் ஒன்றாகும். தொலைதூரத்துக்கு உதவுவது 250 முதல் 400 கி.மீ. வரை ஏறி இறங்கும் எஃப்2தான்.

டி அடுக்கு நமக்கு உதவுவதில்லை. அங்கே காற்று அடர்த்தி அதிகம். அலையால் அசையும் எலக்ட்ரான்கள் காற்று மூலக்கூறுகளில் மோதி, அலையின் ஆற்றலை வெப்பமாக்கிவிடுகின்றன. இந்த இழப்பு அலைவரிசையின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும்: 7 மெகாஹெர்ட்ஸில் 10 டெசிபல் (சமிக்ஞை இழப்பை அளக்கும் அலகு) போனால் 14இல் சுமார் 2.5தான் போகும். சூரியன் மறைந்ததும் டி அடுக்கு கரைகிறது. பகலில் உள்ளூர் நிலையம் மட்டும் பேசும் மத்திய அலையில், விளக்கு வைத்த பிறகு இந்தியும் சிங்களமும் அரபியும் வந்து நிரம்புவது இதனால்தான். சாதாரண டிரான்சிஸ்டர் இருந்தாலே இதைக் கேட்டுப் பார்த்துவிடலாம்.

அலைவரிசைக் கணக்கு

செங்குத்தாக மேலே அனுப்பினால் எஃப்2 திருப்பித் தரும் உச்ச அலைவரிசைக்கு மாறுநிலை அலைவரிசை என்று பெயர். எலக்ட்ரான் அடர்த்தியின் (கன மீட்டருக்கு) வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கினால் அது ஹெர்ட்ஸில் வரும். கன மீட்டருக்கு ஒரு லட்சம் கோடி எலக்ட்ரான் இருந்தால் 9 மெகாஹெர்ட்ஸ்.

சாய்வாக அனுப்பினால் இன்னும் உயர்ந்த அலைவரிசையும் திரும்பி வரும். அடுக்கு 300 கி.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால் பெருக்க வேண்டிய எண் தோராயமாக இப்படி: 250 கி.மீ. தூரத்துக்குள் 1.1, 500க்கு 1.3, 1,000க்கு 1.8, 2,000க்கு 2.6, 3,000க்கு 3. பெருக்கி வருவது அந்தத் தூரத்துக்கான உச்ச எல்லை. எல்லையை ஒட்டி நிற்கக் கூடாது. அதில் 85 சதவீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

கோவையில் ஒரு பிற்பகல், மாறுநிலை அலைவரிசை 8 என்று வைப்போம். பெங்களூரு நேர்க்கோட்டில் 230 கி.மீ.: உச்சம் 8.8, அதில் 85 சதவீதம் 7.5. ஆக 7 மெகாஹெர்ட்ஸ் அமெச்சூர் பட்டை (பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்களுக்கு ஒதுக்கிய அலைவரிசைத் தொகுதி) சரியாக வேலை செய்யும். டெல்லி சுமார் 1,950 கி.மீ.: உச்சம் 20.8, 85 சதவீதம் 17.7. 14 மெகாஹெர்ட்ஸ் தாராளமாகப் போகும், 21 போகாது. அதே நேரத்தில் 14இல் பெங்களூரு கேட்குமா? கேட்காது. அந்தக் கோணத்தில் அலை அடுக்கைத் துளைத்துக்கொண்டு போய்விடும். தரையோடு ஊரும் அலையோ சில பத்துக் கிலோமீட்டரில் தேய்ந்துவிடும். இந்த நடுப்பகுதிக்குத் தாவல் மண்டலம் என்று பெயர். பக்கத்து ஊர் கேட்கவில்லை, டெல்லி மட்டும் கேட்கிறது, அதனால் ரேடியோவில் கோளாறு என்று பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் உண்டு. ரேடியோவில் கோளாறே இல்லை.

எஃப்2இல் ஒரு தாவலுக்கு (அலை ஒருமுறை மேலே போய்த் தரைக்குத் திரும்புவதற்கு) அதிகபட்சம் சுமார் 4,000 கி.மீ., இ அடுக்கில் 2,000. அதற்கு மேல் போனால் பல தாவல். ஒவ்வொரு தாவலும் பகலில் டி அடுக்கை இருமுறை கடக்க வேண்டும்.

என்னென்ன வாங்க வேண்டும்

ரிசீவருக்கு இரண்டு வழி. கையடக்க ரேடியோ என்றால் எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை, அமெச்சூர்கள் பேசும் ஒலிபரப்பு முறை) வசதி கட்டாயம். டெக்சன் பிஎல்-330 போன்றவை போதும். எஸ்எஸ்பி இல்லாத ரேடியோவில் அமெச்சூர் பேச்சு வாத்துச் சத்தமாகத்தான் வரும், மோர்ஸ் கேட்கவே கேட்காது. லேப்டாப் இருந்தால் அதில் செருகும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி4 டாங்கிள் (கணினி வழியாக இயங்கும் சிறு ரிசீவர்) மலிவு. பட்டை முழுவதையும் திரையில் பார்க்கலாம், கற்க அதுவே சிறந்தது.

ஆண்டெனாக் கம்பிக்கு கோவைப் பக்கத்தில் ஒரு வசதி உண்டு. மோட்டார் ரீவைண்டிங் கடைகளில் சப்மெர்சிபிள் மோட்டாருக்குச் சுற்றும் பிளாஸ்டிக் உறையிட்ட செம்புக் கம்பி எடைக்குக் கிடைக்கும். தண்ணீருக்குள்ளேயே கிடக்கச் செய்த கம்பி, மழைக்கு அசராது. ஒரு குறை: மெல்லிய செம்பு இழுத்தால் நீளும். 1 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடிப்பாக வாங்குங்கள்.

மற்றவை: டிஷ் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிள் 25 மீட்டர், எஃப் கனெக்டர் இரண்டு, ரிசீவருக்கு ஏற்ற மாற்றி ஒன்று, 15 செ.மீ. பிவிசி குழாய்த் துண்டு ஒன்று, கம்பி நுனிகளில் கட்ட 5 செ.மீ. துண்டு நான்கு, நைலான் கயிறு 40 மீட்டர், துணிக்கொடிக்குப் போடும் சிறு கப்பி இரண்டு, பித்தளை போல்ட் நட்டு இரண்டு ஜோடி. கம்பி 35 மீட்டர்.

ஆண்டெனா கட்டும் முறை

அரை அலைநீள இருமுனை ஆண்டெனாவின் (டைபோல்: நடுவில் இரு சம பாதியாகப் பிரிந்த கம்பி) மொத்த நீளம் மீட்டரில் 143 வகுத்தல் மெகாஹெர்ட்ஸ். 7.1க்கு 20.1 மீட்டர், ஒரு பக்கம் 10.07. 14.1க்கு 10.14 மீட்டர், ஒரு பக்கம் 5.07. உறையிட்ட கம்பியில் இரண்டு மூன்று சதவீதம் குறைத்தால்தான் சரியாக நிற்கும். கேட்பதற்கு மட்டும் என்றால் இந்தத் துல்லியம் பெரிதாகப் பாதிக்காது; பின்னால் ஒலிபரப்பவும் எண்ணம் இருந்தால் 20 செ.மீ. கூடுதலாக விட்டு வெட்டி, அளந்து அளந்து குறையுங்கள்.

நீளமான கம்பியையும் குட்டையான கம்பியையும் ஒரே நடுப்புள்ளியில் சேர்த்துக் கட்டிவிடலாம். 7க்கு வெட்டிய கம்பி அதன் மூன்று மடங்கான 21இலும் ஒத்திசையும். ஆக ஒரே கேபிளில் 7, 14, 21 மூன்று பட்டையும் கிடைத்துவிடும். இரண்டு கம்பிக்கும் நடுவே நுனியில் அரை மீட்டராவது இடைவெளி வேண்டும்.

நடுவில் 15 செ.மீ. குழாயில் இரு துளை போட்டு, பித்தளை போல்ட்டில் கம்பிகளை முறுக்குங்கள். கேபிளின் நடுக்கம்பி ஒரு போல்ட்டுக்கு, அதைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னல் இன்னொன்றுக்கு. இங்கேதான் பலருக்குச் சிக்கல். ஆர்ஜி-6 பின்னல் பெரும்பாலும் அலுமினியம். சாதாரண ஈயம் அதில் ஒட்டவே ஒட்டாது. சூட்டை ஏற்றினால் உள்ளே இருக்கும் நுரை உருகி நடுக்கம்பி பின்னலைத் தொட்டுவிடும். சால்டரிங் வேண்டாம். பின்னலைத் திரித்து, இரு வாஷருக்கு நடுவே நசுக்கி நட்டை இறுக்குங்கள். அலுமினியமும் செம்பும் ஈரத்தில் சேர்ந்தால் அரிக்கும். கிரீஸ் தடவி, மேலே சுய ஒட்டு ரப்பர் டேப் சுற்றிவிடுங்கள். தண்ணீர் கேபிளுக்குள் இறங்கினால் ஆறு மாதத்தில் சமிக்ஞை பாதியாகும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

நடுப்புள்ளிக்குக் கீழே கேபிளை 20 செ.மீ. விட்டத்தில் பத்துச் சுற்று சுற்றிக் கட்டுங்கள். வீட்டு மின்கருவிகளின் இரைச்சல் கேபிளின் வெளிப்பின்னல் வழியாக ஏறி ஆண்டெனாவுக்குப் போவதை இது தடுக்கும். சிறிய வேலை, பெரிய பலன்.

தாங்குவதற்குத் தென்னை மரம் இருந்தால் நல்லது. ஆணி அடிக்க வேண்டாம். பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி அதில் கப்பியைக் கட்டலாம். கயிற்றை மரத்தோடு இறுக்கிக் கட்டினால் ஆடிக் காற்றில் முதல் வாரமே கம்பி அறுந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றைப் பல்லடம், உடுமலைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. கயிறு கப்பி வழியாக இறங்கட்டும்; நுனியில் இரண்டு லிட்டர் தண்ணீர்க் கேன் தொங்கட்டும். மரம் ஆடும்போது கேன் ஏறி இறங்கும், கம்பி நிற்கும். நைலான் வெயிலில் மொடமொடப்பாகும். ஆனி முடிவதற்குள் கயிற்றைப் பார்த்து மாற்றிவிடுங்கள்.

உயரம் குறைந்தது 7 மீட்டர். 10 மீட்டர் என்றால் 14இல் தாழ்கோணத்துக்கு நன்றாக இருக்கும். கம்பி வடகிழக்கு–தென்மேற்காக ஓடினால் அதன் அகன்ற பக்கம் ஒருபுறம் பெர்த்தையும் மறுபுறம் ஐரோப்பாவையும் பார்க்கும். மின்வாரிய லைனுக்கு அருகே கட்டவே கூடாது: ஆண்டெனா எந்தப் பக்கம் அறுந்து விழுந்தாலும் லைனைத் தொடாத தூரம் வேண்டும். சித்திரை வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடிச் சத்தம் தூரத்தில் கேட்கும்போதே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது.

இரைச்சலைப் பிடிப்பது

ரிசீவரை ஓடவிட்டு ஆண்டெனாவைக் கழற்றுங்கள். இரைச்சல் சட்டென்று குறைந்தால் ரிசீவர் போதிய உணர்திறனோடு இருக்கிறது. சமிக்ஞைப் பெருக்கி (ஆம்ப்ளிஃபையர்) வாங்கிச் சேர்ப்பது வீண். குறையவே இல்லையென்றால் கேபிள் எங்கோ அறுந்திருக்கிறது. ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்றால் கெயினை (சமிக்ஞையைப் பெருக்கும் அளவை) முழுதாக ஏற்றாதீர்கள். உள்ளூர் மத்திய அலை நிலையம் உள்ளே புகுந்து எல்லாப் பட்டையிலும் ஆவிபோலத் தோன்றும். 2 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டி போட்டால் தீரும்.

அடுத்து, ரேடியோவைப் பேட்டரியில் ஓட்டி வீட்டின் மெயினை அணையுங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள். எல்இடி டியூப், போன் சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். நிற்காமல், மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் மட்டும் கூடினால் அக்கம்பக்கத்து மோட்டாரின் விஎஃப்டி டிரைவையோ (வேகத்தை மாற்றும் கருவி) புதிய வகைத் தறியையோ சந்தேகப்படலாம்.

தொண்டாமுத்தூர், சத்தியமங்கலம் போன்ற மலையடிவாரங்களில் தனியான ஒரு சத்தம் உண்டு: ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை "டக்… டக்…" என்று எல்லாப் பட்டையிலும் வரும். யானைக்கும் பன்றிக்கும் போட்ட சோலார் வேலியின் துடிப்பு அது. வேலி ஒழுங்காக இருந்தால் சத்தம் மிகக் குறைவு. பலமாகக் கேட்டால் எங்கோ கொடி படர்ந்தோ இன்சுலேட்டர் உடைந்தோ பொறி பறக்கிறது என்று அர்த்தம். இருட்டிய பிறகு வேலியோரம் நடந்தால் பொறி கண்ணுக்கே தெரியும். வேலிக்காரருக்கும் அதைச் சரிசெய்வது லாபம்.

பீக்கன் வைத்து வானத்தைப் படிப்பது

உலகெங்கும் 18 இடங்களில் ஒரே அட்டவணையில் இயங்கும் அமெச்சூர் பீக்கன்கள் (பாதை திறந்திருக்கிறதா என்று பார்க்க உதவும் அடையாள ஒலிபரப்பிகள்) உள்ளன. 14.100, 18.110, 21.150, 24.930, 28.200 மெகாஹெர்ட்ஸில் ஒவ்வொன்றும் பத்து நொடி பேசும்; மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று முடியும். மோர்ஸில் அழைப்புக்குறி, பிறகு நான்கு நீண்ட ஒலி: 100 வாட், 10, 1, 0.1 வாட். எத்தனை ஒலி கேட்கிறதென்று எண்ணினாலே பாதை எவ்வளவு நன்றாகத் திறந்திருக்கிறதென்று தெரிந்துவிடும்.

மோர்ஸ் தெரிய வேண்டியதில்லை, கடிகாரம் போதும். போன் நேரம் நொடி சுத்தமாக இருக்கட்டும். ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலிருந்தும் மூன்று நிமிடச் சுற்று ஆரம்பம்; இந்திய நேரத்துக்கும் இது அப்படியே பொருந்தும். 14.100இல் பெர்த் 50ஆவது நொடியில், ஜப்பான் 1 நிமிடத்தில், ஹாங்காங் 1:20இல் (1 நிமிடம் 20 நொடி), இலங்கை 1:30இல், தென்னாப்பிரிக்கா 1:40இல், கென்யா 1:50இல், பின்லாந்து 2:10இல். ஒரு பட்டை மேலே போனால் பத்து நொடி கூட்டிக்கொள்ளுங்கள். சில பீக்கன்கள் பழுதில் நின்றிருக்கும். பீக்கன்களை நடத்துபவர்களின் இணையதளத்தில் நிலவரம் பார்த்துக்கொள்ளலாம்.

மாலை நான்கு மணிக்கு 21.150இல் உட்காருங்கள். 1:10இல் பெர்த் மூன்று ஒலி கேட்கலாம். 1:50இல் வரவேண்டிய கொழும்பு, வெறும் 550 கி.மீ. தூரத்தில் இருப்பது, பெரும்பாலும் மௌனம். மேலே போட்ட கணக்கின்படி 500 கி.மீ.க்கு 21 திரும்பிவர மாறுநிலை அலைவரிசை 16க்கு மேல் வேண்டும். தாவல் மண்டலம் காதுக்கே புரியும் இடம் இது. எப்போதாவது கொழும்பு திடீரென்று பலமாகக் கேட்டால் இ அடுக்கில் தற்காலிகமாக அடர்ந்த ஒரு திட்டு உருவாகியிருக்கிறது.

இரவில் 10.000 மெகாஹெர்ட்ஸையும் கேளுங்கள். சீனாவின் பிபிஎம் நேரச் சமிக்ஞை சுமார் 4,200 கி.மீ. தாண்டி வரும், அதுவும் இல்லையென்றால் பிறகு உங்கள் கேபிளைச் சந்தேகப்படலாம்.

நம் வானத்தின் தனிக்குணம்

ஐரோப்பிய, அமெரிக்கக் கையேடுகளை அப்படியே நம்பினால் இங்கே ஏமாற்றம்தான். காந்த நிலநடுக்கோடு நமக்குத் தெற்கே, தமிழகத்தின் தென்முனையை ஒட்டிப் போகிறது. திருவனந்தபுரம் அருகே தும்பாவில் 1963இல் ராக்கெட் தளம் அமைத்ததே அதற்காகத்தான். பகலில் அந்தக் கோட்டின் மேல் சுமார் 105 கி.மீ. உயரத்தில் பலமான மின்னோட்டம் ஓடுகிறது. அங்கே இருக்கும் மின்புலம் எஃப் அடுக்கின் எலக்ட்ரான்களை மேலே தூக்கி, வடக்கும் தெற்குமாக வழிய விடுகிறது. அதனால் நண்பகலில் கூட வேண்டிய அடர்த்தி இங்கே சற்றுத் தளர்கிறது. காலை பத்து மணிக்கும் மாலைக்கும் இரு உச்சம் வரும். கையேடு "உச்சி வெயிலில் உயர் பட்டைகள் சிறப்பு" என்னும். நமக்கு மாலை நான்கு முதல் ஏழு வரைதான் அறுவடை: 14, 18, 21இல் ஆப்பிரிக்கா, மேற்காசியா, ஐரோப்பா வரும்.

சூரியன் மறைந்ததும் எஃப் அடுக்கு வேகமாக மேலேறி, உள்ளே குமிழிகள்போல் கிழிந்து சிதறும். இரவு ஏழரை முதல் பத்து பதினொன்று வரை, குறிப்பாகப் பங்குனி சித்திரையிலும் புரட்டாசி ஐப்பசியிலும், குரல்கள் படபடவென்று நடுங்கும். ரேடியோவின் சமிக்ஞை மீட்டர் பலமாகக் காட்டும், சொல் மட்டும் பிரியாது. ரிசீவரில் எதைத் திருகியும் பயனில்லை. 7க்கு இறங்குங்கள், அல்லது நள்ளிரவு வரை பொறுங்கள். பின்னிரவு முதல் விடியல் வரை 7உம் 10உம் நன்றாக இருக்கும். விடியலில் 14 கிழக்கே திறக்கும்.

மலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். 3,000 கி.மீ. தாவலுக்கு அலை தரையிலிருந்து ஏறக்குறைய 4 டிகிரியில் வந்து சேரும். மேட்டுப்பாளையம், காரமடைப் பக்கம் பத்துக் கிலோமீட்டரில் 1,500 மீட்டர் மலைச்சுவர் எழுந்தால் 8 டிகிரிக்குக் கீழே எல்லாம் அடைபடும், அதுவும் ஐரோப்பா இருக்கும் வடமேற்கில். 2,000 கி.மீ. தாவலின் 12 டிகிரி அலைதான் உள்ளே வரும்; தாவல் கூடும், இழப்பும் கூடும். காங்கேயம், தாராபுரம் சமவெளிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

சூரியன் கெடுக்கும் நாட்கள்

பகலில் பேசிக்கொண்டிருந்த பட்டைகள் ஒரே நிமிடத்தில் செத்துப்போனால் காரணம் சூரியத் தீச்சுடர் (சூரியனில் நிகழும் திடீர் வெடிப்பு). எக்ஸ் கதிர் எட்டே கால் நிமிடத்தில் வந்து டி அடுக்கைத் தடிப்பாக்கிவிடும். தாழ்ந்த அலைவரிசை முதலில் போகும், கடைசியில் திரும்பும். எனவே மேலே போய் 21, 28இல் தேடுங்கள். தீச்சுடரின் பலம் எம்1 என்றால் லேசான தடை, எக்ஸ்1 என்றால் பலமான தடை. இரவில் இது நம்மைத் தொடாது.

சூரியன் வீசும் பிளாஸ்மா மேகம் (மின்னேற்றத் துகள் கூட்டம்) வேறு: வந்து சேர ஒன்று முதல் மூன்று நாள், பாதிப்பு நாள் கணக்கில் நீளும். 2024 மே 10, 11 புயலில் லடாக்கின் ஹான்லேயில் துருவ ஒளியே தெரிந்தது. அந்த மேகங்கள் கிளம்பி வரும் சூரியக் காற்றை நம் மேற்கே ஊட்டி முத்தோரையில், 530 மீட்டர் நீள வானொலித் தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸில் ஆராய்ந்து வருகிறது. அந்த அலைவரிசைக்கு அயனி மண்டலம் கதவு திறந்த வீடு. மலைச்சரிவு 11 டிகிரி, இடத்தின் அட்சரேகையும் 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகவே அமைந்துவிட்டது. வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள்.

ஒலிபரப்ப விரும்பினால்

கேட்பதற்கு இவ்வளவு போதும். அனுப்புவதற்கு அமெச்சூர் உரிமம் கட்டாயம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் கீழ் வயர்லெஸ் பிளானிங் அண்ட் கோஆர்டினேஷன் பிரிவு தேர்வு நடத்துகிறது. 12 வயது நிறைந்தவர்கள் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரு தரம். அதற்கு முன் கம்பியை ஆண்டெனா அனலைசரில் அளந்து, 7.1இலும் 14.1இலும் நிற்கும் அலை விகிதம் (எஸ்டபிள்யூஆர்: அனுப்பும் ஆற்றல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு) 1.5க்குக் கீழே வரும்வரை இருபுறமும் சமமாக, ஒரு முறைக்கு 2 செ.மீ. வீதம் வெட்டுங்கள். நீளக் கம்பியை முதலில் முடித்துவிட்டுக் குட்டைக் கம்பிக்கு வாருங்கள். ஒன்றை மாற்றினால் மற்றது சற்று நகரும் என்பதால் கடைசியில் இரண்டையும் மறுபடி அளக்க வேண்டும்.